பிரேமாவுக்கு, நாலு வருடப் பழைய பாட்டு ஒன்றைப் பற்றி

15 மார்ச் 2021

அன்புள்ள பிரேமா,

பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும், திட்டிக்கொள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சமையலறையில் இருந்தபடியே சீரியலில் யார் அழுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் நானும் அழுதேன், சோற்றில் கை வைத்தபடியே. பதறாதே. 'ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள்' என்பாயே, அந்தக் கொரியப் பெண்களுக்காகத்தான்.

ஆடிப்பாடும் அந்தப் பாப் குழுவின் பெயர் பிரேவ் கேர்ல்ஸ். 'ரோலின்' என்ற பாட்டு 2017 மார்ச் 7-இல் வந்தது. சீந்துவார் இல்லை. போதாததற்கு, நாற்காலியை வைத்து ஆடும் அந்த வீடியோவுக்கு, 19 வயதுக்குக் கீழே பார்க்கக் கூடாது என்ற முத்திரை வேறு. பெரிய கம்பெனிக் குழுக்களெல்லாம் டி.வி.யில் ஆட, இவர்களுக்கு வாய்த்தது ராணுவ முகாம் மேடை. பெங்னியோங் என்று ஒரு தீவு, வட கொரியா கண்ணுக்குத் தெரியும் தூரம். இன்ச்சோனிலிருந்து கப்பலில் சுமார் நாலு மணி நேரம். அங்கேகூடப் போய் ஆடியிருக்கிறார்கள்.

ஆனால் கட்டாய ராணுவ சேவையில் மாட்டிக்கொண்ட பையன்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இது தேசிய கீதம். எந்த வரியில் கத்த வேண்டும், எங்கே குதிக்க வேண்டும் என்பதை, பணி முடிந்து கிளம்பும் சீனியர் ஜூனியரிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் போவானாம்! கைகாலை விரித்து அடிக்கிற ஒரு ஸ்டெப் உண்டு, திருக்கை மீன் நடனம் என்று பெயர். அதை ஒரு பட்டாளமே எழுந்து ஆடுகிறது. நீ பார்த்தால் கேலி செய்ய மறந்துவிடுவாய்.

போன மாதம் 23-ஆம் தேதி, கலைந்துவிடலாமா என்று பேச உட்கார்ந்தார்களாம். மறுநாள் யாரோ ஒரு யூடியூபர், முகாம் மேடைக் காட்சிகளையும் அந்தப் பையன்கள் எழுதிய கமெண்டுகளையும் ஒட்டி ஒரு வீடியோ போட்டார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. மூன்று வாரத்துக்குள், மெலான் என்ற கொரியப் பாட்டுத் தளத்தின் பட்டியலில் முதலிடம். நேற்று இன்கிகாயோ என்ற டி.வி. பாட்டு நிகழ்ச்சியில் முதல் கோப்பை. இந்தப் பெண்கள் குழுவில் அறிமுகமாகி 1,854-ஆவது நாள். நான் எண்ணவில்லை தாயே, ரசிகர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

உழைப்பு வீண்போகாது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. பாட்டு அதே பாட்டுதானே? நாலு வருடம் எல்லோரும் எங்கே போயிருந்தார்கள்? அந்த வீடியோ ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் உழைப்பு என்னவாகியிருக்கும்?

அப்புறம் ஒன்று. இதற்குத்தான் இந்தக் கடிதமே. 2017-இல் இந்தப் பாட்டை ஆடியவர்கள் ஐந்து பேர். ஹயூன் என்பவள் பிறகு விலகிவிட்டாள். நேற்று மேடையில் மின்யங், யூஜோங், உன்ஜி, யூனா. நாலு பேர்தான். எந்த இடத்திலும் ஓட்டை தெரியவில்லை. நானும் தேடித்தேடிப் பார்த்தேன்.

உன் இடத்தை நாங்கள் எப்படி அடைத்தோம் என்று உனக்குச் சொன்னதே இல்லை, இல்லையா? திருச்சி நடனப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது உனக்குத் தாலி கட்டிக் கூட்டிப்போனார்கள். உன் இடம் காலியாகவே இருக்கட்டும் என்றாள் கீதா. நான்தான் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று, எல்லோரையும் ஒரு அடி நகர்த்தி, நாலு பேருக்கு மாற்றினேன். உன் மேல் அவ்வளவு கோபம். நீ என்னடி செய்திருக்க முடியும்? அது அப்போது உறைக்கவில்லை.

பரிசு வாங்கிய போட்டோ தபாலில் தொலைந்துவிட்டது என்று சொன்னேனே, பொய். நான் அனுப்பவே இல்லை. பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். கீதா வழக்கம்போல் கண்ணை மூடியிருக்கிறாள்.

திருக்கை ஸ்டெப்பைப் பார்த்துவிட்டு எழுது. முட்டிவலி என்று மட்டும் ஆரம்பிக்காதே.

உன்
நிர்மலா