காப்புக் கட்டும் முன் ஒரு வார்த்தை

பெங்களூர் அல்சூர் பக்கத்து எங்கள் மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். நன்கொடைச் சீட்டு வந்தது, பணமும் கொடுத்துவிட்டோம். அதில் குறையில்லை. இது என் தம்பி விஷயம்.

போன ஆடியில் அவன் தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டான். உப்பில்லாமல் சாப்பிட்டு விரதம் இருக்கச் சொன்னீர்கள். அவன் பைபோலார் நோய்க்கு, அதாவது மனம் சில காலம் அளவுமீறித் துள்ளி, சில காலம் அப்படியே சோர்ந்து விழும் நோய்க்கு, லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவன். வீட்டில் நாங்களும் யோசிக்கவில்லை, தப்பு எங்கள் மேலும் உண்டு. பத்தாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறியது. வாந்தி. பேச்சு குழறியது. "ஆத்தா இறங்கிட்டா" என்று ஒருவர் வேப்பிலையோடு வந்தார். நாங்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். லித்தியமும் அதோடு சேர்ந்து உள்ளேயே தங்கிவிடும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றாலும் இதே கதைதான். இந்த மாத்திரையில் மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

"அப்போ மாத்திரையை நிறுத்தியிருக்கலாமே" என்றார் உங்களில் ஒருவர். அதையும் செய்து பார்த்தவர்கள் நாங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு நிறுத்தினான். நாலு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. தவணையில் மூன்று மிக்சி வாங்கி வந்தான், மூன்றும் ஒரே நிறம். அந்த வேகம் அடங்கியதும் பல மாதம் குளிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். இது ஏதோ புது மருந்து, சோதித்துப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் 1949-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்.

செய்வினை என்கிறவர்களும் உண்டு. அதுவும் இல்லை. எங்கள் மாமாவுக்கும் இதே நோய் இருந்தது. குடும்ப வழியில் வரும் தன்மை இதற்கு அதிகம். தூக்கம் கெடுவதும் மன உளைச்சலும் அதைக் கிளப்பிவிடும். எல்லாருக்கும் லித்தியம் என்றும் இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை வேறு. அது வேலை செய்யவே இரண்டு மூன்று வாரம் ஆகும், பழக்கமாகிவிடாது. 'எல்லாம் தூக்க மாத்திரை' என்று பத்தாம் நாளே தூக்கிப்போடுகிறவர்கள் நம் தெருவிலேயே உண்டு. கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோனவர்களுக்குக் கயிறு மந்திரித்துக் கட்டுகிறீர்கள். அதுவும் ஒரு மனநோய்தான். அதற்கு மாத்திரையோடு, கழுவாமல் தாக்குப்பிடிக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையும் இருக்கிறது. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸில் போகிறோம். நமக்கு அந்தப் பெயர் கேலி பேசத்தான் பயன்படுகிறது.

காப்புக் கட்டும்போது "ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று தனியாகக் கூப்பிட்டு, காதோடு கேளுங்கள். ஆமாம் என்றால், டாக்டரைக் கேட்காமல் விரதம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்புறம், உங்கள் எல்லார் படமும் போடுகிற ஃபிளெக்ஸ் போர்டில் 14416 என்ற எண்ணுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, ராத்திரி பகல் எப்போதும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

இந்த வருஷம் தம்பி தீச்சட்டி எடுக்கவில்லை. கூழ் ஊற்றும் இடத்தில் நிற்கிறேன் என்கிறான். நிற்கட்டும். ராத்திரி ஒன்பதரைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவன் தூங்க வேண்டும்.

இப்படிக்கு,
அவன் அக்கா