தனியார் என்றால் சின்னது என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கல்லூரி சேரப்போகும் பிள்ளைகளுக்காகப் போன வாரம் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் கூட்டத்தில் காணாமல் போய்விடும், நகரத்துத் தனியார் பல்கலைக்கழகம் சின்னதாக இருக்கும், பக்கத்தில் இருந்து கவனிப்பார்கள் என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸ். பெரியவள் இங்கேயே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துவிட்டாள். சின்னவன் கிழக்குக் கரையில் பெருநகரம் ஒன்றின் நடுவே இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. இரண்டு இடத்துக்கும் பெட்டி தூக்கிக்கொண்டு போனவள் நான். வரிக் கணக்குப் போடும் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால், ஃபீஸ் கணக்கும் என் தலையில்தான்.

முதலில் அந்த 'சின்னது' விஷயம். நியூயார்க் பல்கலைக்கழகம் 1831-ல் தொடங்கியது, தனியார்தான். அங்கே படிப்பவர்கள் 50,000 பேருக்கு மேல். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 30,000 பேருக்கு மேல். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 40,000 பேருக்கு மேல். எத்தனையோ மாநிலப் பல்கலைக்கழகங்கள் இவற்றைவிடச் சின்னவை. கூட்டம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். நியூயார்க்கில் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவைச் சுற்றித் தெருத்தெருவாகக் கட்டடங்கள் சிதறிக் கிடக்கும், மதில் கிடையாது. பாஸ்டனில் காமன்வெல்த் அவென்யூ நெடுக வகுப்புகள், நடுரோட்டில் டிராம் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நடப்பவர் மாணவரா, ஆபீஸ் போகிறவரா என்றே தெரியாது. மகனைக் கொண்டுபோய் விட்ட அன்று தெருமுனையில் நின்று, "காம்பஸ் எங்கடா?" என்று கேட்டேன். "அதுக்குள்ளதாம்மா நிக்கிறீங்க" என்றான்.

பெரியவளைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளியில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது வரைக்கும் சிவந்துவிடும். டெக்சாஸில் 1997-ல் ஒரு சட்டம் வந்தது. பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் கூட்டம் தாங்காமல் அதைக் குறைத்துக்கொண்டே வந்து 6 ஆக்கினார்கள், 2026 இலையுதிர் பருவத்தில் சேர்பவர்களுக்கு 5. (இடம்தான் உறுதி, கேட்ட பிரிவு உறுதியில்லை. இது தெரியாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் கனவோடு இருந்து ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.) பெரியவள் அந்தச் சட்டப்படி வேறோர் ஊரில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தாள். எனக்கு ஒரே பயம். முதல் பருவ வேதியியல் வகுப்பில் 350 பேர். சினிமா தியேட்டர் மாதிரி அரங்கு. பதினெட்டாவது வரிசையிலிருந்து பார்த்தால் பேராசிரியர் கட்டைவிரல் அளவுதான் தெரிகிறார் என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்த 350 பேரையும் வாரம் ஒருமுறை இருபது, இருபத்திரண்டு பேராகப் பிரித்து, ஒரு முதுநிலை மாணவரிடம் விட்டுவிடுகிறார்கள். டிஸ்கஷன் செக்‌ஷன் என்பார்கள். இவளுடைய செக்‌ஷனை எடுத்தவர் ஆராய்ச்சி மாணவி. இரண்டாம் வாரமே எல்லோர் பெயரும் அவருக்குத் தெரியும். மூன்றாம் வாரம் இவளுடைய தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதே, பேராசிரியரிடம் போய்க் கேள், செவ்வாய் இரண்டு மணிக்கு இருப்பார்" என்றாராம். மகள் கேள்வியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, கதவைத் தாண்டி இரண்டு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துவிட்டு, மூன்றாவது முறைதான் உள்ளே போயிருக்கிறாள். 350 பேர் வகுப்பில் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு பையன். பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். அடுத்த பருவம் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை. அதற்கடுத்த வருஷம் குடுவைக்குள் என்ன போடுவது என்று முடிவு பண்ணுகிற வேலை. இப்போது அவள் பேசுவதை நிறுத்தச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

எல்லாம் சுகமில்லை. வேண்டிய பாடத்துக்கு வெயிட்லிஸ்டில் 40-வது ஆளாக நின்று ஒரு பருவம் முழுக்க அந்தப் பாடத்தை எடுக்க முடியாமல் போனாள். அட்வைசரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்தாள்.

சரி, சின்னவன். இவன் வேறு ரகம். பள்ளியில் பஸ் டிரைவர் வரைக்கும் சிநேகம். ரேங்க் மட்டும் அந்தச் சதவீதக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. கையில் இரண்டு கடிதம்: டெக்சாஸிலேயே இன்னொரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று, அந்த நகரத்துத் தனியார் ஒன்று. தனியார் கடிதத்தில் ஆண்டுக்கு 28,000 டாலர் உதவித்தொகை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "அம்மா, ஸ்காலர்ஷிப் கெடச்சிருக்கு!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஊரிலிருந்து பெரியப்பா போன் செய்து வாழ்த்தினார். அரசுப் பல்கலைக்கழகக் கடிதத்தில் உதவித்தொகை எதுவும் இல்லை, அதனால் அதற்கு யாரும் வாழ்த்தவில்லை.

நான் பென்சிலை எடுத்தேன். பெருநகரத் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலர் ஆகிவிட்டது. எங்கள் கணக்கும் அங்கேதான் வந்தது. 28,000 போக 62,000. உதவித்தொகையே இல்லாத அரசுப் பல்கலைக்கழகம் தங்குமிடத்தோடு சேர்த்து 30,000 சொச்சம். இதோடு முடியவில்லை. உதவித்தொகை நாலு வருஷமும் அதே 28,000-தான், ஃபீஸ் அப்படி நிற்காது. வருஷத்துக்கு 4 சதவீதம் ஏறினாலே நாலாம் ஆண்டில் கட்ட வேண்டியது 73,000. கடிதத்தில் முதல் வருஷத்தை மட்டும்தான் காட்டுவார்கள்.

அப்புறம் கிரெடிட், அதாவது முடித்த பாடத்துக்காகப் பட்டக் கணக்கில் சேரும் மணி நேரம். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏ.பி. தேர்வில் (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு, 5-க்குத்தான் மதிப்பெண்) 3 மதிப்பெண் வாங்கினாலே பொதுவாகக் கிரெடிட் தர வேண்டும் என்று 2015-ல் சட்டம் வந்தது. 42 மணி நேர அடிப்படைப் பாடங்களை எந்த அரசுக் கல்லூரியில் முடித்தாலும் இன்னோர் அரசுக் கல்லூரி அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரி) வழியாக எடுத்த பாடங்களையும் சேர்த்துப் பெரியவள் 27 மணி நேரத்தோடு உள்ளே போனாள், ஏழே பருவத்தில் முடித்துவிட்டாள். சின்னவனும் கிட்டத்தட்ட அதே மூட்டையைத்தான் கொண்டுபோனான். அந்தத் தனியார் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது 5 மதிப்பெண் வாங்கிய இரண்டே தாள். கம்யூனிட்டி காலேஜ் பாடங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் நடந்தவை என்பதால் செல்லாது என்று பதில் வந்தது. அவர்கள் விதி அது, குறை சொல்லவில்லை. ஆனால் சேர்வதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கணக்குப் போடுகிறவளே கேட்க மறந்துவிட்டேன்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பீர்கள். அவனுக்கு ஆசை. அவன் அப்பாவுக்கு அதைவிட ஆசை. பாதி சேமிப்பு, பாதி பெற்றோர் பெயரில் கடன். இனிமேல் அதுவும் முன்பு மாதிரி முடியாது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்குப் மத்திய அரசு தரும் பெற்றோர் பிளஸ் கடன் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர், அவ்வளவுதான். மீதிக்குத் தனியார் வங்கி, கடனுக்குக் கூடப் பொறுப்பேற்கும் கோ-சைன் கையெழுத்து என்று போக வேண்டும். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தால் ஃபாஃப்சா (மத்திய அரசு உதவிக்கான விண்ணப்பம்) கணக்கில் கிடைத்துவந்த சலுகையும் 2024-25-லிருந்து போய்விட்டது.

போய்ச் சேர்ந்தவன் அக்டோபர் மாதம் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தான். அவன் தங்கியிருந்தது பதினாலாவது மாடி. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல இங்க ஒருத்தரும் இல்லம்மா. எல்லாரும் ஊருக்குள்ள போயிடுறாங்க" என்றான். பேச்சுக்காரப் பிள்ளை, பேச ஆள் இல்லை. பெரியவள் படித்த இடத்தில் பொழுதுபோக்கு என்றால் அந்த வளாகம்தான். எல்லோரும் அங்கேயே கிடப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே முகங்களைப் பத்து முறை பார்த்தால் பதினோராவது முறை பேச்சு தானாக வரும். இவனுக்கு நகரமே போட்டியாக வந்து நின்றது. இரண்டாம் வருஷம் விடுதியில் இடம் உறுதியில்லை என்றார்கள். இருபது வயதில் வாடகை வீட்டுக்காரரோடு பேரம் பேசக் கற்றுக்கொண்டான். அதுவும் ஒரு படிப்புதான் என்று என் கணவர் சொன்னபோது நான் பதில் பேசவில்லை.

அதே நகரம்தான் அவனைத் தூக்கியும் விட்டது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இரண்டாம் வருஷம் இரண்டாம் பருவம், அரை மணி நேர சப்வே தூரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் வாரம் இரண்டு மதியம் வேலை. கோடை விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, செமஸ்டர் நடக்கும்போதே போய்வருகிறான். பெரியவளுக்கு அது நடக்கவே நடக்காது. அவள் ஊரிலிருந்து ஆபீஸ் உள்ள ஊருக்குக் கார் ஓட்டியே பாதி நாள் போய்விடும். அவளுக்கு வேலை கிடைத்தது வளாகத்துக்கே கம்பெனிகள் வரும் கேரியர் ஃபேரில், கோட் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று.

இன்னொன்று, நம்மவர்களுக்காக. 'அரசு' என்ற சொல்லைக் கேட்டதும் மலிவு என்று நினைத்துவிடுகிறோம். அந்தந்த மாநிலத்துக்காரர்களுக்குத்தான் அது மலிவு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிமாநில மாணவர் வழக்கமான ஃபீஸுக்கு மேலே ஆண்டுக்கு 34,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். அப்படிப் போவதற்குத் தனியாரே சில சமயம் குறைவாக வரும். எச்-4 விசாவில் (பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கும் பிள்ளைக்கு ஃபாஃப்சா வழியாக மத்திய அரசு உதவியோ கடனோ கிடையாது, 21 வயதானால் அந்த விசாவும் முடிந்து எஃப்-1 மாணவர் விசா போன்ற வேறொன்றுக்கு மாற வேண்டும். பதினேழு வயதில் கல்லூரி முடிவெடுக்கும்போதே இதையும் மேசையில் வைக்க வேண்டும். வரி சீசனில் என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேர் இதை மூன்றாம் வருஷம்தான் கவனிக்கிறார்கள்.

மதிப்பெண் பார்க்கலாம் என்று பல்கலைக்கழகத்துக்குப் போன் போடுவது பற்றி மட்டும் ஒரு வார்த்தை: போடாதீர்கள். 1974-லிருந்து இருக்கும் ஃபெர்பா என்ற கல்விப் பதிவு ரகசியச் சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண்ணைப் பார்க்கும் உரிமை பிள்ளையுடையது. அரசு, தனியார் இரண்டு இடத்திலும் எனக்கு ஒரே மரியாதைதான் கிடைத்தது.

இப்போது என் தோழியின் மகள் கையில் இரண்டு கடிதம். மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்கிறார்கள். பின்பக்கமாக நடந்துகொண்டே மாணவர்கள் சுற்றிக் காட்டும் டூருக்குப் போகாதீர்கள், சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம் போய் முதலாண்டு வகுப்பு ஒன்றில் கடைசி வரிசையில் உட்காருங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்து விடுதி வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நாலு வருஷக் கணக்கு நான் போட்டுத் தருகிறேன் என்றும்.

உங்கள் கல்விப் பக்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பல்கலைக்கழகங்களை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது உதவித்தொகைக்குப் பக்கத்தில், அதைக் கழித்து நாலாம் ஆண்டில் கட்ட வேண்டியது எவ்வளவு என்று இன்னொரு கட்டமும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டாலஸ் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி