மின் நிலையங்களுக்கு ஆள் எடுக்கிறவர்களே, கொஞ்சம் கேளுங்கள்

வணக்கம். கடற்படையில் 12 வருடம் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். ஒரு நேர்காணலில் எதிரே இருந்தவர் என் பணிப் பதிவேட்டை இரண்டு முறை புரட்டிவிட்டு, "சரி, இதில் கிரிட் அனுபவம் எங்கே?" என்றார். கிரிட் என்றால் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் பெரிய மின் வலை. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது. தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. அந்தப் பதிவேட்டில் இருப்பதெல்லாம் பதவிப் பெயரும் பயிற்சிக் குறியீடும்தான். அதைப் படித்தால் நான் என்ன வேலை பார்த்தேன் என்று என் வீட்டிலேயே யாருக்கும் புரியாது.

அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். கப்பலில் ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும் என்றால், முதலில் வோல்டேஜைப் பொருத்தி, இரண்டும் ஒரே தாளத்தில் ஓடுகின்றனவா என்று காட்டும் சிங்க்ரோஸ்கோப்பின் முள் வேகப் பக்கமாக மெதுவாகச் சுற்றும்படி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் தட்டித் தட்டிக் கொண்டுவந்து, முள் 12 மணி இடத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே இரண்டையும் இணைக்கும் சுவிட்சான பிரேக்கரைப் போட வேண்டும், ஏனென்றால் பிரேக்கர் மூடவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எக்குத்தப்பாகப் போட்டால் அடி வாங்குவது மெஷினின் தண்டு. உங்கள் நிலையத்தில் ஆட்டோ சிங்க்ரனைசர் செய்வதும் இதைத்தான். நான் கையால் செய்திருக்கிறேன், கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போது.

எங்களுக்குத் தெரியாததும் உண்டு, மறைக்கவில்லை. கப்பலில் பெரும்பாலும் நியூட்ரலை, அதாவது ஜெனரேட்டரின் பொது முனையை, எர்த் செய்வதில்லை. ஒரு கேபிள் கப்பலின் இரும்பு உடம்பில் பட்டாலும் எர்த் லேம்ப் ஒன்று மங்கும், சப்ளை ஓடிக்கொண்டே இருக்கும், நாங்கள் ஃபீடர் ஃபீடராக, அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் போகும் லைனாக, அணைத்துத் தேடுவோம். கிரிட்டில் அந்த நிதானத்துக்கெல்லாம் இடமில்லை, கோளாறைக் கண்டுபிடிக்கும் ரிலே கண் சிமிட்டுவதற்குள் டிரிப் அடித்துவிடும். அப்புறம் இன்னொன்று: தனியாக ஓடும் மெஷினில் கவர்னரை ஏற்றினால் ஃப்ரீக்வென்சி ஏறும், கிரிட்டோடு சேர்ந்த மெஷினில் லோடுதான் ஏறும். பழகிய கைக்கு இதை மாற்றிச் சொல்லித்தர வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றுமே தெரியாதவனாக ஹெல்பர் வேலையில் தொடங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

1957இல் அமெரிக்காவில் ஷிப்பிங்போர்ட் அணுமின் நிலையம் ஓடத் தொடங்கியபோது, அதன் உலைப் பணியை நடத்தியவர் கடற்படை அதிகாரி ரிக்கோவர். நீர்மூழ்கிக்காக வளர்த்த அதே அழுத்த நீர் உலை வகைதான் இன்று உலகத்து அணுமின் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் ஓடுகிறது. உலையை வாங்கிக்கொண்ட துறைக்கு ஆளை எடுக்க மட்டும் தயக்கம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சான்றிதழைப் புரட்டுவதற்குப் பதில் ஒரு பம்ப் மோட்டாரைக் காட்டி, "இதை வேலைக்குக் கழற்ற வேண்டும், எங்கே தொடங்குவாய்?" என்று கேளுங்கள். வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட்டை யாரிடம் வாங்குவான், எந்த பிரேக்கரில் பூட்டுப் போடுவான், பூட்டிய பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். பத்து நிமிடத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

அடுத்த முறை கூப்பிட்டால் மேசையில் உங்கள் நிலையத்தின் மின் இணைப்புகளை ஒற்றைக் கோடுகளில் காட்டும் சிங்கிள் லைன் டயகிராமை வையுங்கள். பேனா நான் கொண்டுவருகிறேன்.