பட்டணத்தை மேற்கிலிருந்து காட்டு

ஏகாம்பரகுப்பம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளா வேளைக்குப் போட்டுக்கொள், வெயிலில் அலையாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். தறி ஓடுகிறது. ஆனால் நூல் விலை ஏறிய அளவுக்குச் சேலை விலை ஏறவில்லை. பெரியவன் இரண்டு தறியை நிறுத்திவிட்டு ரேணிகுண்டா பக்கம் வேலைக்குப் போய்வருகிறான்.

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள், மெட்ராஸில் எதையெல்லாம் காட்டலாம் என்று கேட்டிருந்தாய். கோட்டை, ஐகோர்ட், சென்ட்ரல், ரிப்பன் கட்டடம், மெரினா, சாந்தோம். நல்ல இடங்கள்தான். ஆனால் முக்கால்வாசியும் கப்பலில் வந்தவர்கள் பார்வையில் தெரிகிற பட்டணம். மேற்கிலிருந்து, அதாவது ஆந்திர எல்லையில் இருக்கும் நம் நகரி, புத்தூர், சந்திரகிரி பக்கத்திலிருந்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது எதுவுமே நீ எழுதியதில் இல்லை. இது ரொம்ப நாளாக என் மனதில் கிடக்கிற விஷயம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆகஸ்ட் 22ஐ மெட்ராஸ் தினம் என்று கொண்டாடுகிறீர்களே, 1639இல் அந்த நாளில் பிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரருக்கு மணல்மேட்டை விட்டுக்கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தகப்பனார் சென்னப்ப நாயக்கர் பெயரால்தான் சென்னப்பட்டணம் என்று ஆனது என்பார்கள். சரி, அந்த நாயக்கர் யாருக்கு அடங்கியவர்? சந்திரகிரி ராஜாவுக்கு. தலைக்கோட்டைப் போரில் 1565இல் தோற்ற பிறகு விஜயநகர வம்சம் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகரை மாற்றிக்கொண்டே வந்தது. பட்டணம் பிறந்தபோது அந்த அரசு தன் கடைசிக் காலத்தில் இருந்தது. மெட்ராஸ் பட்டயம் எழுதியது எங்கள் ராஜமகாலில்தான் என்று சந்திரகிரிக்காரர்கள் இன்றும் உரிமையோடு சொல்வார்கள்.

அந்த ராஜமகாலை நாம் சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடும் இடமாகத்தான் பார்த்தோம். போன மாதம் போனபோது நின்று நிதானமாகப் பார்த்தேன். மூன்று மாடி, முழுக்கக் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கட்டுமானத்தில் மரமே கிடையாது. ஒன்றன் மேல் ஒன்றாக வளைவுகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. மெட்ராஸ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சும் இதே மாதிரிதான். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தீப்பிடிக்கக் கூடாது என்று கூரையில் மரம் சேர்க்காமல் வளைவாகக் கட்டி, 1680இல் திறந்தார்கள். ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்ததும் அங்கேதான். பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டு. வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குக் கட்டடம் கட்டக் கற்றுக்கொடுத்தான் என்ற நினைப்பு அப்புறம் தங்காது.

ஐகோர்ட்டுக்குக் கூட்டிப்போனால் சிவப்புக் கோபுரங்களைப் பார்த்ததோடு திரும்பிவிடாதே. கட்டடம் 1892இல் முடிந்தது. அதன் உச்சிக் கோபுரமே 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாக இருந்தது. 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்ட கதையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதெல்லாம் வருவதற்கு முன் அந்த இடத்தில் சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை மூண்ட காலத்தில், கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று 1757இல் கம்பெனி அதை இடித்துவிட்டது. பிறகு பூக்கடைப் பக்கம் மாற்று இடம் கிடைத்து, சென்னகேசவரும் சென்னமல்லீஸ்வரரும் பக்கத்தில் பக்கத்தில் குடியேறினார்கள். இன்றைக்கு அந்தச் சந்துக்குள் போனால் கடைக்கும் கடைக்கும் நடுவில் கோபுரத்தைத் தேடத்தான் வேண்டும். பட்டணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் திருக்குடை கிளம்புவது அங்கிருந்துதான். திருமலையில் நடக்கும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்காக வெண்குடைகள் அந்தத் தெருவிலிருந்து புறப்பட்டு, யானைக்கவுனியைத் தாண்டி, அயனாவரம், வில்லிவாக்கம், திருவள்ளூர் என்று வந்து, திருச்சானூர் வழியாக மலையேறுகின்றன. யானைக்கவுனியைத் தாண்டுகிற அந்தக் கொஞ்ச நேரம், கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டே ஓடுகிற ஓட்டத்தைப் பிள்ளைகள் தெருவில் நின்று பார்க்க வேண்டும். நம் ரோட்டில் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாகப் புத்தூர் வழியாக நடந்து போகிறவர்களுக்கு நம் அம்மாக்கள் மோர் ஊற்றியது ஞாபகம் இருக்கிறதா? அவர்களில் பாதிப் பேர் பட்டணத்து ஜனங்கள்தானே.

மவுண்ட் ரோட்டில் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே மெட்ராஸ் கவர்னராக இருந்த மன்றோ, அவர் பெயரில் திருமலையில் ஒரு பிரசாதப் பாத்திரமே உண்டு, மன்றோ கங்காளம். 1827இல் அவர் காலராவில் இறந்ததும் ஆந்திரப் பக்கம் பத்திகொண்டாவில்தான்.

அப்புறம், மயிலாப்பூரில் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் பொட்டி ஸ்ரீராமுலு நினைவில்லம். நீ எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்து போயிருப்பாய். தெலுங்கர்களுக்குத் தனி ஆந்திர மாநிலம் கேட்டு 1952 அக்டோபர் 19 அன்று அங்கே உண்ணாவிரதத்தில் உட்கார்ந்தவர், டிசம்பர் 15 இரவு உயிரை விட்டார். ஒரு பக்கம் ‘மதராஸ் மனதே’, அதாவது மெட்ராஸ் நமதே என்ற தெலுங்கு கோஷம். இன்னொரு பக்கம், தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று ம.பொ.சி. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் வந்தபோது மெட்ராஸ் தமிழர்களிடமே நின்றது, நம் சித்தூர் மாவட்டம் ஆந்திரத்துக்குப் போனது. தமிழ்ப் பகுதிகளைத் திரும்பக் கேட்ட வடக்கெல்லைப் போராட்டமும், எல்லையைப் பிரித்துச் சொன்ன படாஸ்கர் தீர்ப்பும் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்ப் பக்கம் திரும்பிப் போனது. நகரியும் புத்தூரும் இங்கேயே நின்றுவிட்டன. என் அத்தை திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை தமிழில் வரும், எங்கள் வீட்டிலிருந்து போவது தெலுங்கில் போகும். நம் பெரியவர்களுக்கு ஸ்ரீராமுலு மேல் கோபம் இருந்தது. எனக்கு இல்லை. தான் நம்பியதற்காக உயிரையே கொடுத்த மனிதர். அந்த வீட்டு வாசலில் பிள்ளைகளை நிற்கவைத்து, தாத்தா பிறந்த ஊர் ஏன் வேறு மாநிலத்தில் இருக்கிறது என்று நீயே சொல். இதை வேறு யாரும் அவர்களுக்குச் சொல்லப் போவதில்லை.

கடைசியாகத் தண்ணீர். இதை ஏன் யாரும் பார்க்க வேண்டிய இடமாகச் சேர்ப்பதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. நம் நகரி ஆறு ஓடி கொசஸ்தலையில் சேர்ந்து பூண்டிக்குத்தான் போகிறது. கார்த்திகை மழையில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலம் மூழ்கும், அடுத்தது பூண்டி நிரம்பும். சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது முயற்சி எடுத்த ஏரி அது, 1944இல் கட்டி முடித்தார்கள். அது போதாமல்தான் 1983இல் தெலுங்கு கங்கை ஒப்பந்தம். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. கொடுக்க, ஆவியாகிப் போகிற 3 டி.எம்.சி. போக 12 டி.எம்.சி. பட்டணத்துக்கு. ஸ்ரீசைலத்திலிருந்து சோமசிலா, கண்டலேறு வழியாக ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் எல்லை தாண்டி, 1996இல்தான் முதல் தடவை பூண்டியில் வந்து விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டைக்குப் போய் அந்தக் கால்வாய்க் கரையில் நில். மொழிக்காக அடித்துக்கொண்ட இரண்டு பக்கமும் குடிதண்ணீருக்காக ஒரே மேஜையில் உட்கார்ந்தது எனக்கு ஐகோர்ட் கோபுரத்தைவிடப் பெரிய விஷயம்.

பட்டணத்தில் நீ காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டு, சந்திரகிரியை என்னிடம் விட்டுவிடு. காலையில் சென்ட்ரலில் சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறுங்கள், ஏகாம்பரகுப்பத்தில் நானும் ஏறிக்கொள்கிறேன். திருப்பதியில் இறங்கினால் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், ராஜமகாலில் இருக்கும் மியூசியம் மூடியிருக்கும். தேதியை முன்கூட்டியே எழுது, புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
நண்பன்