உல்லாசப் படகில் வேலை செய்யாத தீயணைப்புக் கருவி தொடர்பான முறைப்பாடு

டிக்கோயா.

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கள் நிறுவனத்தின் உல்லாசப் படகை 3 மணித்தியாலத்துக்கு வாடகைக்கு எடுத்து, என் மாமியாரின் 60 ஆவது பிறந்தநாளுக்காகப் பிள்ளைகளும் பெரியவர்களுமாக 11 பேர் ஏறினோம். அன்று படகின் சமையற்கட்டில் மூண்ட தீ பற்றியும், அதை அணைப்பதற்கென்று மாட்டியிருந்த கருவி ஒன்றுக்கும் உதவாமற் போனது பற்றியும், பின்னர் தங்கள் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பதில் பற்றியும் இந்த முறைப்பாட்டை எழுதுகிறேன்.

கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் நீந்திப் போகக்கூடிய தூரத்தில் நாங்கள் இருக்கவில்லை. வடை பொரித்துக்கொண்டிருந்த தங்கள் பணியாளத் தம்பியை ஓட்டுநர் பின்பக்கம் கூப்பிட, அவர் போய்த் திரும்புவதற்குள் தாச்சியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. ஓடிவந்தவர் முதலில் செய்த காரியம், கயிறு கட்டிய வாளியை வெளியே விட்டு நீர் மொண்டதுதான். எரியும் எண்ணெயில் அந்த நீர் விழுந்திருந்தால் அடியில் இறங்கிக் கணத்தில் ஆவியாகி, நெருப்போடு எண்ணெயை எங்கள் எல்லார் மேலும் வீசியிருக்கும். வாளியைப் பிடித்து நிறுத்தினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

தீயணைப்புக் கருவியோ அடுப்புக்கு நேர் பின்னால் மாட்டியிருந்தது, சுவாலைக்கு மேலாகக் கையை நீட்டினால்தான் எட்டும். எட்டி எடுத்ததில் என் முழங்கை மயிர் கருகியது. கைப்பிடியைப் பூட்டியிருந்த துருவேறிய ஊசியை என் மைத்துனர் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்த பிறகு கைப்பிடியை அழுத்தினேன். மெல்லிய ஒரு மூச்சுச் சத்தத்தைத் தவிர, ஒரு சிட்டிகைத் தூளும் வரவில்லை. கடைசியில் அடுப்பைத் திருகி மூடி, சோற்றுப்பானை மூடியைத் தாச்சியின் மேல் கவிழ்த்த பிறகே தீ அடங்கியது.

நான் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் 19 வருடமாக உதவி டீமேக்கராக இருக்கிறேன். தேயிலை காயவைக்கும் இடத்தில் மணல் வாளிகளை நிரப்பி வைப்பதும், தீயணைப்புக் கருவிகளின் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்துப் பரிசோதனை அட்டையில் கையொப்பமிடுவதும் எங்கள் வழக்கமான வேலைகள். ஆகவே கரைக்கு வந்ததும் அந்தக் கருவியைத் திருப்பிப் பார்த்தேன். முள் சிவப்பில் படுத்திருந்தது. அட்டையில் கடைசியாக எழுதியிருந்த வருடம் 2019. உருளைக்கு மட்டும் அண்மையில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதில் தெறித்த துளிகள் முள்ளின் கண்ணாடி மேலும் காய்ந்திருந்தன. பெயின்ட் அடித்தவர் கண்ணில் அந்த முள் படாமலா போயிருக்கும்?

இதைவிட என்னைக் கவலைப்படுத்தியது பெற்றோல். மேலதிகமாகக் கொண்டுவந்த இரண்டு கேன்களும் சமையற்கட்டை அடுத்த இருக்கையின் கீழேயே இருந்தன. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்கும். சமையல் காஸும் அப்படித்தான். அதனால்தான் இவ்வகைப் படகுகளில் என்ஜினை முடுக்குவதற்கு முன், தேங்கிய ஆவியை வெளியே தள்ளும் காற்றூதியைக் குறைந்தது 4 நிமிடமாவது ஓடவிட வேண்டும் என்பார்கள். தங்கள் ஓட்டுநர் வாடை அடித்தபோதும் நேராகச் சாவியைத் திருப்பினார். அறையின் முன்பக்க வாசலைப் பிளாஸ்டிக் கதிரைகள் அடைத்திருந்தன. உயிர்காப்பு அங்கிகள் நைலோன் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தன.

இவற்றையெல்லாம் அலுவலகத்தில் சொன்னபோது, “சுற்றிவரத் தண்ணீர் இருக்கும்போது நெருப்புக்கு ஏன் பயப்படுகிறீர்கள்?” என்று சிரித்துவிட்டு, இன்னொரு பயணத்தை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். 2021 இல் கொழும்புக்கு அப்பால் கடலின் மேலேயே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் நாட்கணக்காக எரிந்ததை நாடே பார்த்தது. நான் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கே ஒரு காம்பிராவில் (அறையில்) பிடித்த தீ கூரை வழியே அடுத்த காம்பிராவுக்கு எவ்வளவு விரைவில் தாவும் என்பதை அறிவேன். ஆனால் லயத்தில் வெளியே ஓட முற்றமாவது இருக்கும்.

இலவசப் பயணம் எனக்கு வேண்டாம். செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தருவதோடு, சமையற்கட்டின் வாசலருகிலும் என்ஜின் பக்கத்திலும் வேலை செய்யும் கருவிகளையும், அடுப்பருகே ஒரு தீப்போர்வையையும் வைத்து, பணியாளர்களுக்கு அவற்றைக் கையாளப் பழக்கும்வரை அந்தப் படகில் எவரையும் ஏற்றக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோல் கேன்கள் ஆட்கள் இருக்கும் அறைக்குள் இருக்கவே கூடாது. கருவியின் முள்ளையும் அட்டையையும் எடுத்த புகைப்படங்களையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் இத்துடன் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால், இதே ஆவணங்களுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
அன்று படகை வாடகைக்கு எடுத்தவர்