தண்ணீர்க் கோப்பையை உயர்த்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த இத்தாலிப் பயணக் கட்டுரை, மது அருந்தாதவர்கள் விருந்தில் தண்ணீர்க் கோப்பையை உயர்த்தி ‘சின் சின்’ என்று வாழ்த்துச் சொன்னால் போதும் என்கிறது. வெரோனாவில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் இருக்கிறேன், மதுவைத் தொடாதவன். அந்த யோசனையைப் படித்ததும் பதறிப்போனேன். தண்ணீரை வைத்து வாழ்த்துவதை இங்கே பலர் அபசகுனமாக நினைக்கிறார்கள். திருமண விருந்தில் யாராவது அப்படிச் செய்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு முகம் சுருங்கிவிடும்.

அதற்காகக் குடித்தாக வேண்டும் என்பதில்லை. கோப்பையின் அடியில் கொஞ்சம் ஒயின் ஊற்றச் சொல்லி, உயர்த்தி, உதடுவரை கொண்டுபோய்விட்டு மேசையில் வைத்துவிடலாம். யாரும் அளவு பார்ப்பதில்லை. அதுவும் வேண்டாம் என்றால் பழச்சாறு கேளுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நாங்கள் அதைத்தான் ஊற்றுகிறோம்.

கட்டுரை சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் கண். கோப்பைகள் தொட்டுக்கொள்ளும்போது எதிரில் இருப்பவரின் கண்ணை நேராகப் பார்க்க வேண்டும். வயதில் மூத்தவர் என்று நம்மவர்கள் மரியாதையோடு பார்வையைத் தாழ்த்துகிறார்கள். இங்கே அது அலட்சியமாகப் படுகிறது. பரிமாறும்போது இதைப் பார்த்து மிகவும் வருந்தியிருக்கிறேன். இன்னொன்று, பிறருடைய கைகளுக்குக் குறுக்கே கையை நீட்டக் கூடாது. அவர்கள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒயின் சிந்திவிட்டால் சிலர் அதில் விரலை நனைத்துக் காதுக்குப் பின்னால் தடவிக்கொள்வார்கள், அதிர்ஷ்டம் வரும் என்று.

‘சின் சின்’ நண்பர்களுக்குள் சரி. ‘நலம்’ என்று பொருள்படும் ‘சலூத்தே’ எங்கும் பொருந்தும். மணமக்களுக்கு ‘விவா லி ஸ்போசி’ (மணமக்கள் வாழ்க) என்று கூடம் அதிரக் குரல் கொடுக்கலாம். முறையான விருந்திலோ கோப்பைகளை இடிப்பதே நாகரிகமில்லை. சற்று உயர்த்திப் புன்னகைத்தால் போதும். 1558இல் வெளிவந்த ஜொவான்னி தெல்லா காசாவின் ‘கலாத்தேயோ’ என்ற நன்னடத்தை நூல், ஒருவரையொருவர் குடிக்க அழைக்கும் இந்த வழக்கத்தையே வெளியிலிருந்து வந்தது என்று கண்டித்தது. ஆனாலும் வழக்கம் ஊன்றிவிட்டது. 1853இல் வெனிஸில் அரங்கேறிய இசையமைப்பாளர் வெர்தியின் ‘லா திராவியாத்தா’ என்ற இசை நாடகத்தில் முதல் அங்கத்திலேயே கோப்பையை உயர்த்திப் பாடுகிறார்கள்.

தண்ணீர் பற்றிய அந்த வரியை மட்டுமாவது அடுத்த ஞாயிறு திருத்தி வெளியிடுங்கள். கோடைகாலத் திருமணங்களுக்கு இங்கே வரும் நம் வாசகர்கள் அதை நம்பித்தான் மேசையில் உட்காருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெரோனா, இத்தாலி