அப்பாவுக்கு, ஜிரோனாவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே குளிர் குறைந்துவிட்டது. ஓட்டல் வேலை முடிந்ததும் வாரத்தில் இரண்டு நாள், ஸ்பெயினின் இந்தப் பகுதி மொழியான காத்தலான் வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். உங்கள் இரண்டாம் வேற்றுமை சமாசாரம்.

"மரியாவைப் பார்த்தேன்" என்று எழுதச் சொன்னார் டீச்சர். நான் சமையலறையில் ஸ்பானிஷ் பேசிப் பழகியவன். அதில் ஆள் செயப்படுபொருளாக வந்தால் பெயருக்கு முன்னால் 'ஆ' போடுவார்கள், நம் ஐ உருபு பின்னால் ஒட்டுவதுபோல. அதே பழக்கத்தில் 'ஏ விஸ்த் ஆ லா மரீயா' என்று எழுதினேன். டீச்சர் அந்த 'ஆ'வை மட்டும் அடித்துவிட்டார். 'ஏ விஸ்த் லா மரீயா', அவ்வளவுதான். "பால் குடித்தான்" என்று, ஐ மறைந்து வரும் தொகைக்கு உதாரணம் சொல்வீர்களே, இங்கே பாலுக்கும் தொகை, மரியாவுக்கும் தொகை! "மரியா பார்த்தேன்" என்பதுபோல் பட்டது, மனம் ஒப்பவேயில்லை. பேச்சில் பலர் 'ஆ' சேர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் காத்தலான் இலக்கண அறிஞர் பொம்பேவு ஃபாப்ரா 1918இல் கொண்டுவந்த இலக்கணத்தின் வழியில் எழுத்துமொழி பொதுவாக அதை ஏற்பதில்லை. 'எல்லாரையும்' போன்ற சில சொற்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆனால் 'என்னைத்தான் பார்க்கிறான்' என்பதற்கு 'அம் மீரா ஆ மீ'. இங்கே 'ஆ'வை எடுக்கவே முடியாது. யோசித்துப் பாருங்கள் அப்பா, நாமும் புத்தகம் வாங்கினேன் என்போம், ஐ தேவையில்லை. "நான் பார்த்தான்" என்று எந்தக் குழந்தையாவது சொல்லுமா? அந்த ஓர் இடத்தில் இரண்டு மொழியும் ஒன்றாக நிற்பதைக் கண்டபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

என்னைப் பாடாய்ப் படுத்துவது 'அன்' என்கிற குட்டிச் சொல். பழக்கடையம்மா எலுமிச்சை எத்தனை என்றார். "புல்ய் குவாத்ரா", நாலு வேணும் என்றேன். அவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "அன் புல்ய் குவாத்ரா" என்று நிதானமாகச் சொல்லிக் காட்டினார். நமக்கு "நாலு வேணும்" போதும். இவர்களுக்குப் போதாது, சொல்லாமல் விட்ட எலுமிச்சையின் இடத்தில் 'அன்' வந்து உட்கார வேண்டும். வீடு வரும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

பரண்மேல் உங்கள் நன்னூல் உரை இருக்கும். வேற்றுமைத் தொகை வரும் பக்கங்களைத் தம்பியிடம் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எலுமிச்சை சாதம் நன்றாக வந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்